ஜீப்புக்குக் கேட்ட கட்டவுட்

காலை அந்தப் பக்கம் வைங்க தம்பி. பையில கண்ணாடிச் சாமான் இருக்கு. கீழ வச்சா மிதிக்கிறீங்க, மடியில வச்சா இடிக்கிறீங்க. ஜன்னலோர சீட்டு கிடைச்சிருக்குல்ல, அதுல அடங்கி உக்காந்தா என்ன? கோவிச்சுக்காதீங்க, என் வாயி அப்படி. மனசுல ஒண்ணும் கிடையாது. கம்பத்துல கேட்டுப் பாருங்க, செல்லாண்டி வாயிதான் மோசம், ஆளு தங்கம்னு சொல்லுவாய்ங்க. சொல்லலைன்னா அவய்ங்க மோசம்னு அர்த்தம்.

மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். எனக்கு பஸ்ஸே ஆகாது. ஏறினதுல இருந்து அந்தக் கண்டக்டரு உள்ள போ உள்ள போன்னு உயிர எடுக்குறான். வீட்டு வாசல்ல சொந்த ஜீப்பு நிக்குது தம்பி. ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்திக்கிட்டுப் போடிமெட்டுல ஏறுமே, அந்தத் தகரம் இல்ல. பெட்ரோல் ஜீப்பு. முன்கண்ணாடிய மடக்கிப் படுக்கப் போடுற மாடல். இப்பப் போயி சாவியப் போட்டாலும் ஒரு தட்டுல உறுமும். அப்புறம் ஏன்யா பஸ்ஸுல வந்து என்னைய இடிக்கிறன்னு கேப்பீங்க. எல்லாம் என் மச்சினன் பண்ணின வேலை. குருவையான்னு பேரு. என் சம்சாரத்தோட தம்பி. மதுரையில போர்டு எழுதுறவன். முன்னாடி பிரஷ்ஷ வச்சுக்கிட்டுத் திரிஞ்சான், இப்ப கம்ப்யூட்டர்ல ஃப்ளெக்ஸ் அடிக்கிறான். அவனால நான் என் மக முன்னாடி கெட்டவனா நிக்கிறேன்.

முதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு விளங்கும். தூங்கிராதீங்க.

ஜீப்புல டைனமோன்னு ஒண்ணு உண்டு. இன்ஜின் ஓடுறப்ப அது கரண்டு குடுக்கும், பேட்டரி ஏறும். அது பாட்டுக்குக் கண்டபடி குடுத்துச்சுன்னா பேட்டரித் தண்ணி கொதிச்சுப் போகும், பல்பு வெடிச்சுப் போகும். குறைச்சுக் குடுத்தா பேட்டரி படுத்துரும். அதனால நடுவுல ஒரு பெட்டி இருக்கும், சோப்பு டப்பா கணக்கா. இம்புட்டு ஏத்து, போதும் நிப்பாட்டுன்னு அதுதான் அடக்கி வைக்கும். வோல்டேஜ் ரெகுலேட்டர்னு படிச்சவய்ங்க சொல்லுவாய்ங்க. எங்க ஊரு ஒர்க்‌ஷாப்புல போயி ரெகுலேட்டர்னு கேட்டா ஃபேனுக்கான்னு கேப்பாய்ங்க. கட்டவுட்டுன்னுதான் சொல்லணும். கட்டவுட் போயிருச்சு, கட்டவுட் மாத்தணும், அவ்வளவுதான். ரோட்டோரத்துல தலைவருமாருக்கு வானத்துக்கும் பூமிக்குமா நிப்பாட்டுறாய்ங்களே, அது இல்ல. பேரு ஒண்ணு, சங்கதி வேற. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

என் ஜீப்புல அந்தக் கட்டவுட் ரொம்ப வருஷமாவே சரியில்ல. உள்ள கரண்டு தொட்டுத் தொட்டு விடுற பாயிண்டு தீஞ்சு போச்சு. காலையில பாத்தா பேட்டரி செத்துக் கிடக்கும். ஆனா அப்ப அது ஒரு பிரச்சினையாவே தெரியல. என் சம்சாரம் பஞ்சவர்ணம் இருந்தா. நான் ஏறி உக்காந்து கிளச்ச மிதிச்சுக்கிருவேன், அவ பின்னாடி இருந்து தள்ளுவா. எங்க தெரு கொஞ்சம் சரிவு. மாரியம்மன் கோயில் வரைக்கும் தள்ளினாப் போதும், கியரப் போட்டு விட்டா பட்டுன்னு பிடிச்சுக்கிரும். நான் நிக்காமப் போயிருவேன், நின்னா ஆஃப் ஆயிரும்ல. அவ சேலையத் தட்டி விட்டுக்கிட்டு வீட்டுக்கு நடந்து போவா. அவ இருந்த வரைக்கும் பேட்டரியப் பத்திக் கவலையே இல்ல தம்பி.

அப்புறம் அவ போயிட்டா. நெஞ்சு. அப்பப்ப வலிக்குதுன்னு சொல்லுவா. பொம்பளைகன்னா முதுகு வலிக்கும், முட்டி வலிக்கும், ஏதாவது ஒண்ணு சொல்றதுதான, அதுல எத எடுத்துக்கிறது எத விடுறது?

காரியத்தன்னிக்கு இந்தக் குருவையா பந்தியில இருந்து எந்திரிச்சான். சாப்பிட்ட கையோட, அத்தனை சொந்தக்காரய்ங்க முன்னாடி சொல்றான், "எங்கக்காவ வண்டி தள்ள விட்டே கொன்னுட்டீங்க மாமா." வண்டி தள்ளி எவளாவது செத்தாளா? நீங்களே சொல்லுங்க. சொல்லுங்க தம்பி. அங்க வெளிய என்ன இருக்கு, கணவாய் மலைதான, நாளைக்கும் இருக்கும். என்னையப் பாத்துச் சொல்லுங்க. ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டீங்க. அன்னிக்கும் எவனும் சொல்லல.

அதோட நின்னானா? அவளோட போட்டோவப் பெருசாக்கி, சட்டம் போட்டுக் கொண்டாந்திருந்தான், கூடத்துல மாட்டணுமாம். தூக்கிட்டுப் போடான்னுட்டேன். செத்தவளச் சுவத்துல மாட்டி, பொட்டு வச்சு, குட்டி பல்பு போட்டு, தினம் எந்திரிச்சதும் மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கணுமா? எனக்கு அது ஆகாது. வீட்டுல இருந்த போட்டோவெல்லாம் எடுத்து பீரோவுக்குள்ள போட்டுப் பூட்டினேன். மக சிவரஞ்சனி, ஒண்ணே ஒண்ணு குடுப்பான்னு கேட்டா. குடுக்கல. கண்ணுல பட்டா அழுதுக்கிட்டே இருக்கும், பிள்ளை நல்லதுக்குத்தான். அன்னியில இருந்து எனக்கும் குருவையாவுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

மகளுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. நல்ல இடம், உத்தமபாளையம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் ஜீப்புலதான் மாப்பிள்ளை வரணும்னு சொல்லிட்டேன். எவனெவனோ வாடகைக்குப் பூப்போட்ட காரு கொண்டாறான், என்கிட்ட ராஜா மாதிரி ஜீப்பு நிக்குது. ஆனா மாப்பிள்ளைய உக்கார வச்சுட்டுப் பின்னாடி ஆள விட்டுத் தள்ளச் சொல்ல முடியுமா? கட்டவுட்டு மாத்தித்தான் ஆகணும்.

காஜா பாய்தான் எனக்கு எப்பவும் மெக்கானிக்கு. அவரு சொல்லிட்டாரு, "அண்ணே, இந்த மாடல் கட்டவுட்ட இப்ப எவனும் செய்யிறதில்ல. டைனமோவக் கழட்டி எறிஞ்சுட்டு, வேன்ல வருதுல்ல ஆல்டர்நேட்டர், அத மாட்டிருவோம். அதுக்குள்ளயே எல்லாம் இருக்கும்." நான் கேப்பேனா? அப்புறம் அது என் ஜீப்பா, வேனா? நானே தேனி போனேன், திண்டுக்கல் போனேன், கோயமுத்தூர்ல பழைய இரும்புக் கடை ஒண்ணு விடல. ஒருத்தன் சிரிக்கிறான். ஒருத்தன், "பெரியவரே, இத மியூசியத்துல குடுங்க"ன்னு சொல்றான். நீ போயி உங்கப்பன மியூசியத்துல குடுன்னுட்டு வந்தேன்.

கடைசியில டிராக்டர் கட்டவுட் ஒண்ணு கிடைச்சுச்சு. அதே சைஸு. அதே கருப்பு மூடி. திருகாணி ஓட்டைகூட அச்சா அதே இடத்துல. காஜா பாயி தொழுகைக்குக் கிளம்பிட்டாரு, வந்து மாட்டுறேன்னாரு. இதுக்கு எதுக்கு இன்னொருத்தன்னு நானே மாட்டினேன். பழசுல எந்த ஒயரு எங்க இருந்துச்சோ அதே மாதிரி புதுசுல. ஸ்டார்ட் பண்ணி ஒரு உறுமு, புகை. பாயி வந்து பாத்து, "பாக்க ஒண்ணா இருக்கும்ணே, உள்ள ஒயரு வரிசை வேற, இதுல இடவலம் மாறி வரும்"கிறாரு. அத முன்னாடியே சொல்லணுமா வேணாமா? சாமி கும்பிடுறது அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கும்பிட்டா சாமி கோவிச்சுக்குமா? கேட்டேன். மனுசன் ரெண்டு நாளு பேசல.

அப்புறம் அவராத்தான் ஒரு வழி சொன்னாரு. இப்ப எலக்ட்ரானிக்ல ரெகுலேட்டர் வருதாம். பாயிண்டு கிடையாது, தேயாது, தீயாது. பழைய பெட்டிக்குள்ள இருக்கிறத எல்லாம் வழிச்சுப் போட்டுட்டு அத உள்ள வச்சு மூடிட்டா, வெளிய பாக்க அச்சு அசலு பழசு. மதுரையில ஒருத்தன் கைவேலையா செஞ்சு தர்றான். அவன் கடை எங்க இருக்குங்கிறீங்க? குருவையா கடைக்குப் பக்கத்துக் கடை.

வேற வழியில்ல. தாய்மாமங்கிறதால பத்திரிகைய மட்டும் தபால்ல அனுப்பியிருந்தேன். இப்ப போனப் போட்டேன். "மாப்ள"ன்னேன்.

"கல்யாணத்துக்கு ஒரு கட்டவுட் வேணும்டா."

"நெசமாவா சொல்றீங்க மாமா"ன்னு கேட்டான்.

"பின்ன வெளையாடவா கூப்பிட்டேன்? ஒரிஜினல் இனிமே கிடைக்காதுன்னு எனக்கும் தெரியும். இப்ப வர்றதுல பண்ணு. ஆனா பழசு மாதிரியே இருக்கணும். பாக்குறவனுக்கு வித்தியாசமே தெரியக் கூடாது."

"தெரியாது மாமா. வேற யார்கிட்டயும் விட மாட்டேன், நானே என் கையால பண்றேன்."

இவனுக்கு எப்ப இந்த வேலையும் தெரிஞ்சுச்சுன்னு நெனச்சேன். பக்கத்துக் கடையில இருந்து பழகியிருப்பான்.

"ஜீப்புலதான் மாட்டணும், அளவு பாத்துப் பண்ணு."

"ஜீப்புலயே வச்சுருவோம். எங்கக்காவுக்கும் ஜீப்புக்கும்தான் எப்பவும் பழக்கம்"ங்கிறான். அக்காவ எதுக்கு இழுக்குறான், பழசக் கிளப்புறானான்னு எனக்குச் சுருக்குன்னுச்சு. காரியம் ஆகணுமேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டேன்.

அப்புறம் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி. "ஆறு போதுமா மாமா, பன்னெண்டா?"

அந்தக் கேள்விதான் தம்பி என்னைய ஏமாத்திருச்சு. பழைய ஜீப்புக்கு ஆறு வோல்ட்டு பேட்டரி, அதுக்கப்புறம் வந்ததுக்குப் பன்னெண்டு. விவரம் தெரிஞ்சவனால்ல கேக்குறான். "பன்னெண்டுடா, ஆறு எந்த மூலைக்கு"ன்னேன். சரி மாமான்னான், மூக்க உறிஞ்சுறான். ஒரு கட்டவுட்டுக்கு எதுக்குடா அழுகுற? சளி பிடிச்சிருக்கும்னு விட்டுட்டேன்.

மாப்பிள்ளை அழைப்பு அன்னிக்குச் சாயங்காலம். மண்டப வாசல்ல ஜீப்பு நிக்குது, மாலையெல்லாம் கட்டி. பானட்டத் தூக்கி வச்சுக்கிட்டு காஜா பாயி ஸ்பேனரோட நிக்கிறாரு. கட்டவுட்டு வந்தா மாட்டிக் கிளம்ப வேண்டியதுதான். அப்பப் பாத்து ஒரு குட்டியானை வண்டி வந்து நிக்குது. குருவையா இறங்குறான். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. "எங்கடா கட்டவுட்டு"ன்னேன். "இந்தா இருக்கு மாமா"ன்னுட்டு, நாலு பேரா சேந்து பின்னாடி இருந்து எதையோ நீளமா இறக்கி நிப்பாட்டி, மேல கிடந்த துணிய உருவினாய்ங்க.

பஞ்சவர்ணம்.

பன்னெண்டு அடி. பீரோவுல நான் பூட்டி வச்சிருந்த ஒரு போட்டோ, ஜீப்பு மேல கை போட்டுக்கிட்டு அவ நிக்கிறது, கல்யாணமான புதுசுல குருவையாதான் எடுத்தான், அவன்கிட்ட ஒரு காப்பி இருந்திருக்கு. அதுல இருந்து ஜீப்ப நீக்கிட்டு அவள மட்டும் வெட்டியிருக்கான். கரும்பச்சை வளையலு. மூக்குத்தி மட்டும் என் உள்ளங்கை அகலம். சிரிச்சுக்கிட்டு, ஒரு கையப் பக்கத்துல நீட்டிக்கிட்டு நிக்கிறா. நிஜ ஜீப்புக்குப் பக்கத்துல நிப்பாட்டினா அந்தக் கை ஜீப்பு மேல வந்து நிக்குமாம், அது அவன் கணக்கு. மக கல்யாணத்துக்கு அம்மாவும் ஜீப்பு கூடவே ஊர்வலம் வரணுமாம்.

மண்டபமே வெளிய வந்துருச்சு. மேளக்காரய்ங்ககூட நிப்பாட்டிட்டாய்ங்க. பொம்பளைகள்லாம் அழுகுது. சம்பந்தி வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. "இந்த நெனப்பு எத்தனை பேருக்குய்யா வரும்"ங்கிறாரு. நாந்தான் ஏற்பாடு பண்ணினேன்னு அவரு நெனப்பு. சிவரஞ்சனி மணமக அலங்காரத்தோட ஓடி வந்து, அந்தப் படத்தோட பாதத்துல கைய வச்சுக்கிட்டு, என்னையப் பாத்தா தம்பி. அப்படி அது என்னைய ஒருநாளும் பாத்ததில்ல.

சும்மா இருந்திருக்கலாம்னு இப்பச் சொல்றாய்ங்க. காஜா பாயி சொல்றாரு, என் தங்கச்சி சொல்லுது. எப்படிச் சும்மா இருக்கிறது? பானட்டு திறந்து கிடக்கு, மாப்பிள்ளை கோயில்ல காத்துக்கிட்டு இருக்காரு, ஜீப்பு நகராது. இவன் அக்காவக் கொண்டாந்து நிப்பாட்டிட்டுக் கண்ணத் தொடைக்கிறான். அதுவும் எவள? கண்ணுலயே பட வேணாம்னு நான் பூட்டி வச்சவள, ஊருக்கே தெரியிற மாதிரி. கத்தினேன். "நான் ஜீப்புக்குக் கட்டவுட்டு கேட்டேன். இந்தக் கழுதைய எவன்டா கேட்டான்?"

கழுதைன்னு நான் சொன்னது குருவையாவ. இல்ல, அந்தப் பலகைய. அவளச் சொல்லுவேனா? ஆனா என் மக காதுல எப்படி விழுந்துச்சுன்னு பாருங்க.

குருவையாவுக்கு அப்பத்தான் விளங்குது. "ஜீப்பு... கட்டவுட்டா மாமா"ங்கிறான். மூஞ்சி செத்துப் போச்சு அவனுக்கு. நான் விடல. இதத் தூக்கிச் சமையக்கட்டுக்குப் பின்னாடி போடுங்கடான்னேன். ரெண்டு பேரு வந்து சாய்ச்சாய்ங்க. அப்ப சிவரஞ்சனி ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுச்சு. "அம்மாவக் கீழ படுக்கப் போடாதீங்க." சத்தமாக்கூடச் சொல்லல. அதுக்கப்புறம் தாலி கட்டி முடிஞ்சு கிளம்புற வரைக்கும் என் மூஞ்சியப் பாக்கல. காலுல விழுந்து எந்திரிக்கும்போதும் தரையத்தான் பாத்துச்சு. மாப்பிள்ளை எவனோ ஒருத்தன் காருல வந்தாரு.

ஒரு வார்த்தை. ஒரே வார்த்தைக்கு இம்புட்டா தம்பி? போன் போட்டா மாப்பிள்ளைதான் எடுக்குறாரு. "அது குளிக்குதுங்க மாமா." எப்பப் பாத்தாலும் குளிக்குமா ஒரு பிள்ளை?

இந்தக் குருவையா இருக்கான் பாருங்க, அவன் சும்மா இருக்க மாட்டான். கல்யாணம் முடிஞ்ச மறு வாரம் காஜா பாய் கடைக்கு ஒரு பார்சல் வந்துச்சு. நெசக் கட்டவுட்டு. பக்கத்துக் கடைக்காரன்கிட்டச் சொல்லி எலக்ட்ரானிக் செஞ்சு வாங்கி, எங்கேயோ ஒரு பழைய பெட்டியத் தேடிப் பிடிச்சு உள்ள வச்சு, மூடிக்கு அவனே கருப்புப் பெயிண்டு அடிச்சு, பழசுல இருக்கிற அந்தக் குட்டி எழுத்தையெல்லாம் பிரஷ்ஷால எழுதியிருக்கான். பழசப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். வித்தியாசம் தெரியலதான். ஒரு எழுத்து மட்டும் லேசாக் கோணல், அத நான் பாயிகிட்டக் காட்டினேன்.

கூட பாயிகிட்ட போன்ல ஒரு சேதி சொல்லி விட்டிருக்கான். "இனிமே யாரையும் தள்ளச் சொல்ல வேண்டியிருக்காதுன்னு மாமாகிட்டச் சொல்லுங்க." எவ்வளவு திமிரு பாருங்க.

மாட்டினோம். சாவியத் திருகி ஒரு தட்டு, பிடிச்சுக்கிச்சு. பேட்டரி கொதிக்கல, பல்பு போகல. அடுத்த நாளு காலையில ஒரு தட்டு, அதே மாதிரி. கியரப் போட்டுட்டுப் பழக்கதோசத்துல மெதுவாவே விட்டேன், மாரியம்மன் கோயில் வரைக்கும். அங்க போயி பிரேக்கப் போட்டு நிப்பாட்டித் திரும்பிப் பாத்தேன். தெருவுல ஒருத்தரும் இல்ல. எதுக்குத் திரும்பினேன்னு எனக்கே தெரியல. வீட்டுக்குக் கொண்டாந்து நிறுத்திட்டேன். அதோட எடுக்கல.

இன்னிக்கு சிவரஞ்சனிக்கு வளைகாப்பு. பெத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என் வீட்டுல வச்சு நடத்தாம தாய்மாமன் வீட்டுல நடத்துறாய்ங்க, மதுரையில. எனக்குப் பிள்ளை சொல்லல. குருவையாதான் பாயிகிட்டச் சொல்லி விட்டான், "மாமாவ ஜீப்புலயே வரச் சொல்லுங்க, ரஞ்சனி பாக்கணும்னு ஆசைப்படுது." என்னையவா ஜீப்பையான்னு சொல்லல. பையில வளையலுதான் இருக்கு. படத்துல பஞ்சவர்ணம் போட்டிருந்த அதே கரும்பச்சையத் தேடினேன், அந்தக் கலரு இப்ப வர்றதில்லையாம். கிட்டத்தட்ட அதே மாதிரி ஒண்ணு எடுத்திருக்கேன். கைய நீட்டுமா, தரையத்தான் பாக்குமா, தெரியல.

செக்கானூரணி தாண்டியாச்சா? இன்னுங் கொஞ்சந்தான். ஜீப்புல ஏன் வரலைன்னுதான முதல்ல கேட்டீங்க? கேக்கலையா? மனசுல கேட்டிருப்பீங்க.

ஜீப்பு வெயில்ல நிக்கக் கூடாது தம்பி, பெயிண்டு போயிரும். இருந்த தார்ப்பாயும் கிழிஞ்சுபோச்சு. மண்டபத்துக்காரன் அந்தக் கட்டவுட்ட எடுத்துட்டுப் போங்கன்னு கத்தினான். கொண்டாந்து சட்டத்துல இருந்து உரிச்சு ஜீப்பு மேல போட்டுட்டேன். கெட்டி ஃப்ளெக்ஸு, அதுல ஒண்ணும் குறை சொல்ல முடியாது. நீளம் அச்சாப் பொருந்துச்சு. அந்த நீட்டுன கை சரியா டிரைவர் சீட்டு மேல வந்து விழுகும். படம் உள்பக்கமா இருக்கிற மாதிரிதான் போட்டிருக்கேன். காஜா பாயி கேக்குறாரு, "அம்புட்டு வெறுப்பாண்ணே, திருப்பிப் போட்டு வச்சிருக்கீங்க"ன்னு. வெயிலு பட்டாச் சாயம் வெளுத்துரும்ல? இதுகூடத் தெரியாம ஒர்க்‌ஷாப்பு நடத்துறாரு.

காலையில ஜீப்ப எடுக்கத்தான் போனேன். சாவி இந்தா, இப்பவும் சட்டைப் பையிலதான் இருக்கு. கட்டவுட்டு நல்லா இருக்கு, பேட்டரி நல்லா இருக்கு. ஒரு தட்டு போதும். ஆனா எடுக்கணும்னா அவளச் சுருட்டிக் கீழ படுக்கப் போடணும்ல தம்பி. ரொம்ப நேரம் நின்னு பாத்தேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டேன்.